சிவப்புத் துணி கட்டிய வாளி

நான் குடியேறிய வெளிநாட்டுக் கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில், சுற்றுலா வீட்டு வண்டிகளான கேரவன்கள் நிறுத்தும் திடலில் எனக்குத் துப்புரவு வேலை. இன்று ஒரு கேரவனின் பின்பெட்டியைத் திறந்தால், கழிவுக் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. வாடை மூக்கில் ஏறியதும் இரண்டையும் பிரித்தெடுத்தேன்.

வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்தபோது, அம்மா கக்கூசு வாளியில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அது இடக்கையில், குடிதண்ணீர்க் குடம் வலது இடுப்பில். ஒருநாள் ஷெல் விழுந்த அவசரத்தில், தண்ணீர் குடிக்கும் ஒரே பேணியை அப்பா அந்த வாளிக்குள் போட்டுவிட்டார். அம்மா அதை எடுத்து வீசினார்.

"ஓடுற நேரத்திலயும் இதுவோ?" என்று அப்பா கத்தினார்.

"பிள்ளையளுக்கு வயித்தாலை போனா எப்பிடியப்பா ஓடுறது?"

பிறகு உள்ளங்கையில் ஏந்தித்தான் குடித்தோம்.

"ரெண்டு குழாயும் கழுவினதுதானே, விடு பிள்ளை," என்றார் கூட வேலை செய்யும் மன்னார் அக்கா.

"ஏலாதக்கா," என்றேன். அதற்குள் என் சிவப்புத் தலைத்துணியைப் பாதி கிழித்திருந்தேன்.