மரத்தின் மறுபக்கத்து நீலம்

நீலக்கா பயந்த சுபாவக்காரர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க ஸ்டூலில் ஏறினால் யாராவது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் பாதை போடப் போகிறார் என்றதும் அவர் கணவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"மலையில ஸ்டூலை யாரு பிடிச்சுப்பா மேடம்?"

கணவர் பிளம்பர். நீலக்காவுக்கு லாண்டரியில் துணி தேய்க்கும் வேலை. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து, ஊருக்குப் பின்னால் இருக்கும் மலை உச்சிக்கு நடந்து போக ஒரு வழி அமைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. சரிவில் மண்ணை வெட்டித் தட்டையாக்குவது, மழைத் தண்ணீர் வழியை அரித்துவிடாமல் குறுக்கே வடிகால் எடுப்பது, விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. சர்வேயர் முதல் நாளே நீலக்காவின் கையில் பெயின்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

"வழி தப்பிடுமோன்னு பயப்படுறவங்களுக்குத்தாம்மா தெரியும், எந்த மரத்துல அடையாளம் வேணும்னு."

அது சரியாகத்தான் இருந்தது. எங்கெல்லாம் தான் தயங்கி நின்றாரோ அங்கெல்லாம் நீலக்கா ஒரு நீலப் பட்டை அடித்தார். நகத்தில் ஒட்டிய பெயின்ட் அடுத்த வாரம் வரை போகாது. குழுவில் நீலக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பட்டை. கீழிருந்து ஏறி வருபவருக்கு ஒன்று, மேலிருந்து இறங்குபவருக்கு மரத்தின் மறுபக்கத்தில் இன்னொன்று. ஏறும்போது ஒரு பக்கம் அடிப்பார்கள், இறங்கும்போது மறுபக்கம். அந்தக் குழுவின் வழக்கம் அது.

சென்ற மழையில் பாதையின் நடுப்பகுதி சரிந்து போனது. சரிவைச் சுற்றிக்கொண்டு புது வழி வெட்டினார்கள். கீழே பழைய வழி பிரியும் இடத்தில் முள்ளும் கிளையும் போட்டு அடைத்தார்கள். பழைய பட்டைகளை மரத்தின் நிறத்திலேயே பெயின்ட் பூசி மறைக்கும் பொறுப்பு நீலக்காவுடையது. சரிவின் விளிம்பு வரை ஒரு முறை, பிறகு மேற்பக்கம் சுற்றிப் போய் மிச்சத்துக்கு ஒரு முறை என்று ஏறிக்கொண்டே மறைத்தார். மறுபக்கத்தை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் உச்சியில் டிரைவர், "எல்லாரும் புது வழியிலேயே இறங்குவோம், முதல் நடை நம்மளோடதா இருக்கட்டும்" என்றார். கைதட்டிக்கொண்டு எல்லோரும் அதில் இறங்கினார்கள். நீலக்காவும் இறங்கினார்.

யாரும் குறை சொல்லவில்லை. இந்த மலைக்கு வருகிறவர்கள் கீழிருந்து ஏறுவார்கள், வந்த வழியே திரும்புவார்கள். மேலே பஸ்ஸில் போய்விட்டு இறங்க மட்டும் நடக்கிறவர் அதுவரை ஒருவரும் இல்லை.

ஒரு வேலை நாள் மதியம், லாண்டரியில் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார். உச்சியில் உள்ள விடுதியில் தண்ணீர்த் தொட்டி வேலைக்குப் போயிருந்தார்.

"எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்."

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. அதான் உன் ரோட்டுல இறங்கிக்கிட்டிருக்கேன். ஏறச் சொன்னாதான் என் முட்டி கேக்காது. இறங்க என்ன?"

நீலக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வழி தெரியுதா?"

"தெரியாம என்ன, மரத்துக்கு மரம் அடிச்சு வெச்சிருக்கியே. இதோ பெரிய பாறை. இதுலகூட அம்பு போட்டிருக்க."

புது வழியில் பாறையே கிடையாது.

"என்னங்க, அங்கேயே நில்லுங்க" என்றார். லைன் அதற்குள் போயிருந்தது. மறுபடி அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

"அக்கா, சட்டை கருகுது" என்று முதலாளியம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. பாறையின் மறுபக்கத்து அம்பு. அதற்கடுத்த மரம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் கண்முன் வந்து போனது. எதையும் மறைத்த நினைவு இல்லை.

ஆட்டோவில் போகும்போதே சர்வேயருக்குச் சொன்னார். ஆட்டோ சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. சர்வேயருக்குப் பாதியே போதுமாயிருந்தது.

"டிரைவரையும் கயிறையும் கூட்டிக்கிட்டு வரேன். நீ முன்னால போ. அவரை அசையாம நிக்கச் சொல்லு. நீ சரிவுல கால வெக்கக் கூடாது. கேக்குதாம்மா?"

தான் போட்ட முள் அடைப்பைத் தானே பிய்த்துக்கொண்டு நீலக்கா பழைய வழியில் ஓடினார். கை முழுக்கக் கீறல். சரிவின் விளிம்பில் நின்ற மரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கணவர் சரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கால் வைக்க ஒரு முறத்தளவு இடம். தோளில் கருவிப் பை. கைக்குக் கிடைத்த வேர் ஒன்றைப் பிடித்திருந்தார். அவருக்குக் கீழே மண் மட்டும்தான், அடி தெரியவில்லை.

"வந்துட்டியா" என்றார். குரல் சிறுத்திருந்தது. "முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. திரும்பினா தலை சுத்துது."

"அசையாதீங்க. கயிறு வருது." பிறகு அடக்க முடியாமல் கேட்டார். "இதுல ஏங்க கால வெச்சீங்க? பாத்தாலே தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆனா நீ பிடிச்சிருக்கியே அந்த மரம், அதுல உன் நீலம் இருந்துச்சு. நீ ஸ்டூல்ல ஏறவே பயப்படுறவ. நீயே இது வழின்னு அடிச்சிருந்தா பயமில்லாத இடமாத்தான் இருக்கும்னு வந்தேன்."

 மரத்தைப் பிடித்திருந்த நீலக்காவின் கையின் கீழே நீலப் பட்டை தட்டுப்பட்டது. பொரிந்து, காய்ந்த பெயின்ட்.

சின்னக் கற்கள் ஓடும் சத்தம் கேட்டது. கணவரின் குதிகாலுக்குப் பின்னால் மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

"பையைக் கீழ விடுங்க."

"ரெஞ்சு ரெண்டும் இதுலதான் இருக்கு."

"கழட்ட வேணாம். தோளைச் சாச்சு நழுவ விடுங்க. மெதுவா."

பை நழுவியது. இரும்பு கல்லில் இரண்டு முறை மோதியது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, இனிமேல் கேட்காது என்று நினைத்தபோது, அடியில் ஒரு சத்தம் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நம்ம பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. அவளும் உன்ன மாதிரிதான். ஏதாவது பேசு."

நீலக்கா பேசினார். கருகிய சட்டை யாருடையது, முதலாளியம்மா என்ன சொல்லப் போகிறார், வீட்டுக் குழாயை மூன்று மாதமாக அவர் சரிசெய்யாதது. "ஊருக்கெல்லாம் ஒழுகல நிறுத்துற ஆளு" என்றபோது கணவர் சிரிக்கப் பார்த்தார். உடம்பு குலுங்கியது, உடனே நிறுத்திக்கொண்டார்.

சர்வேயரும் டிரைவரும் வந்து சேர்ந்தார்கள். டிரைவர் கயிற்றை உள்ளே தள்ளியிருந்த தடித்த மரத்தில் சுற்றிவிட்டு நுனியை வீசினார். முதல் வீச்சு எட்டவில்லை. கற்கள் சரசரவென்று ஓடின. இரண்டாவது கணவரின் மார்பில் விழுந்தது.

"இடுப்புல முடி போடத் தெரியுமா மாமா?"

"வயசான காலத்துல பரீட்சை வேறயா" என்றபடி ஒரு கையாலேயே முடிந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் சர்வேயர் "நில்லுங்க", "இப்ப வைங்க" என்றார். கடைசி அடிக்கு நீலக்கா கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்றிருந்த முறத்தளவு இடம் அங்கே இல்லை.

கணவர் உட்கார்ந்தார்.  தண்ணீர் குடித்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தவராகச் சொன்னார்:

"மேல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. பஸ்ல வந்ததுங்க. கீழ போக எது வழின்னு கேட்டாங்க. போட்டோ எடுத்துட்டு இறங்குறோம்னாங்க. நீலத்தைப் பாத்துக்கிட்டே வாங்க, என் பொண்டாட்டி அடிச்சதுன்னேன்."

சர்வேயர் எழுவதற்குள் நீலக்கா போய்விட்டார். முள் அடைப்பு வரை திரும்பி ஓடி, புது வழியில் ஏறினார். கூப்பிட்டுக்கொண்டே ஏறினார், மூச்சு பேச்சுக்குப் போதவில்லை, கடைசியில் வெறும் சத்தம்தான் வந்தது. மேலிருந்து பதிலே இல்லை.

இரண்டு வழியும் பிரியும் மேல்முனையில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பழைய வழியில் பத்தடி போய், பாறை அம்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நீலக்கா அவளைத் தாண்டிப் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். கையெல்லாம் ரத்தம், தலை கலைந்திருந்தது.

அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள்.

"டிக்கெட் வாங்கணுமா ஆன்ட்டி?"

நீலக்கா இல்லை என்று தலையாட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சர்வேயர் மூச்சிரைக்க வந்து சேரும்வரை விடவில்லை.