நீல ரப்பர் பேண்ட் போட்ட புதினாக் கட்டு

எங்கள் மாப்பிள்ளைக்கு எதையும் முன்வரிசைக்கு இழுத்து வைக்காவிட்டால் கை அரிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருடமாக அலமாரி அடுக்குகிற வேலை. புதிதாக வந்த சரக்கு பின்னால் போக வேண்டும், பழையது முன்னால் வர வேண்டும். அப்போதுதான் பழையது முதலில் விற்றுத் தீரும். இந்தச் சட்டத்தை மட்டும் அவர் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டு வருவதில்லை. எங்கள் சமையல் மேடையில் உப்பு டப்பா, சர்க்கரை டப்பா எல்லாம் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பல் துலக்கும் பிரஷ்களைக்கூட வாங்கிய வரிசைப்படிதான் வைப்பார்.

"என்னை எந்த வரிசையில வெப்பீங்க மாப்ளே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க எப்பவும் முன்னாலதான் அத்தை" என்றார்.

பெருமையாக இருந்தது. அவர் சொன்னதன் விவரம், அவருக்கு இரண்டாவது முறை சோறு போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரை நான் கண்டுபிடித்ததே அந்தக் கடையில்தான். எனக்கு எழுத்து தெரியாது. பால் பாக்கெட்டில் தேதி போட்டிருக்கும் என்பது தெரியும், என்ன தேதி என்பது தெரியாது. அதனால் பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், தள்ளி வைத்துப் பார்ப்பேன், கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவள் மாதிரி முனகுவேன். அன்றைக்கு அந்தப் பக்கம் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த பையன் நின்றான். "ரொம்பப் பொடியா அடிச்சிருக்காங்கம்மா, எனக்கே சரியாத் தெரியல. இது நாளையோட முடியுது. பின்னால கையை விட்டு எடுங்க, நாலு நாள் தாங்கும்" என்றான். கடைக்குச் சாதகமாக முன்னால் வைத்தவனே எனக்காகப் பின்னாலிருந்து எடுக்கச் சொல்கிறான். என் குறையையும் எனக்கே தெரியாமல் மூடிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், "மாப்பிள்ளை பாத்தாச்சு."

"எங்கே, பால் அலமாரியிலயா?"

"ஆமாம்."

இரண்டு வாரம் சிரித்தாள். மூன்றாவது வாரம், "நானே போய்ப் பால் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். அப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் குடிக்க ஆளில்லாமல் பால் புளித்தது. கதை அவ்வளவுதான்.

சரக்கு லாரிகள் வராமல் நின்ற வருடம்தான் அவரை ஊரே திட்டிய வருடம். முதலில் கோதுமை மாவு இல்லை, பிறகு எண்ணெய் இல்லை, பிறகு காய்கறிப் பக்கமே காலி. பின்னால் ஒன்றுமில்லை என்றாலும் முன்வரிசை நிரம்பித் தெரிய வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கீரை இருக்க வேண்டிய இடத்தில் துணி சோப்பை அடுக்கினார்கள். ஒரு அம்மாள், "இதை எப்படிக் கடையணும்?" என்று கேட்டாளாம். இன்னொருவர் தக்காளி இல்லாத கோபத்துக்குக் கூடையையே இவர் காலில் போட்டுவிட்டுப் போனாராம். எல்லாவற்றையும் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கால் கட்டைவிரல் மட்டும் கறுத்திருந்தது.

கடைசியாக வந்த புதினாப் பெட்டியில், யாரும் தொடாத மஞ்சள் பூத்த கட்டு ஒன்று மிஞ்சியது. வரிசையில் நின்று பில் போட்டு வாங்கி வந்தார். நான் இலையை ஆய்ந்து காம்பைக் குப்பையில் போடப் போனேன்.

"அத்தை, காம்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

"காம்பைத் தின்னப் போறீங்களா?"

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காம்புகளை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வெள்ளை நூல் மாதிரி வேர் விட்டது. பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, ஐஸ்கிரீம் டப்பா என்று கிடைத்ததற்கெல்லாம் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினார். சமையலுக்கு வைத்திருந்த தனியாவை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தார். பூண்டுப் பல்லையும் ஊன்றினார். ஜன்னலோரப் பலகை முழுக்கப் பச்சை. வெறும் சூப்பில் நாலு இலை கிள்ளிப் போட்டால் போதும், ஏதோ சாப்பிடுகிறோம் என்று நாக்குக்குத் தோன்றும்.

ஆனால் அங்கேயும் கடைப்புத்தி. முற்றிய செடி முன்னால், நேற்று முளைத்தது பின்னால். அவர் முன்வரிசை என்பது ஜன்னல் பக்கம், வெயில் விழுவது அங்கேதானே? பின்வரிசைக் குஞ்சுகள் வெளிறிப் போய், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன. சொன்னால் கேட்க மாட்டார். "வரிசை மாறினா எது பழசுன்னு தெரியாது அத்தை" என்பார். நானும் விட மாட்டேன். அவர் காலையில் கடைக்குப் போனதும் சின்னச் செடிகளை முன்னால் இழுத்து வைப்பேன். சாயங்காலம் வந்ததும் அவர் முதல் வேலையாகப் பின்னால் தள்ளுவார்.

இனிச் சொல்லப்போவதில் பாதித் தப்பு என்னுடையது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி, கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதடி, பாதிதான்.

கடையில் தரையில் விழுந்து கிடக்கும் ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது மாப்பிள்ளையின் பழக்கம். மிதித்தால் வழுக்கும் என்று. கீரைக் கட்டுக்குப் போடும் தடித்த நீல பேண்ட். துவைக்கும்போது அவர் கால்சட்டையிலிருந்து நாலைந்து வரும். புதினா புதராகக் கிளைத்ததும் கத்தரித்து, அளவாகச் சேர்த்து, அந்த நீல பேண்டையே இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தார். கை தானாகச் செய்தது. அசல் கடைக் கட்டு.

"நம்ம வீட்டுக்கு இவ்வளவு எதுக்கு?" என்று நான்தான் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு டீச்சரிடம் போனேன். நல்ல மனசு என்று யாரும் எழுத வேண்டாம். அந்த அம்மாள் பேப்பர் படித்து எனக்கு விஷயம் சொல்லும்போது மூக்கை ஒரு மாதிரி தூக்கிக்கொள்வாள். அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்று காட்டத்தான் போனேன். ஜன்னலில் வளர்த்தது என்றுகூடச் சொல்லவில்லை. "மாப்பிள்ளை கொண்டு வந்தாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் பெரிய தப்பு.

மறுநாள் டீச்சர் கடைக்குப் போய், மேனேஜரிடமே கட்டைக் காட்டி, "உங்க ஆளுக்குக் கிடைக்குது, எனக்கும் ஒண்ணு எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். பின்வாசலில் லாரியிலிருந்து சரக்கு இறக்குவது மாப்பிள்ளைதான். எப்போதாவது வரும் கொஞ்சநஞ்சத்தையும் இவர் ஒதுக்கி வெளியே கொடுக்கிறார் என்று பேச்சாகிவிட்டது. "விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சீருடையை மடித்து நாற்காலியில் வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மகள்.

"எடுக்கலைன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"எடுக்கலைங்கறதுக்கு மேல என்ன சொல்றது?"

திட்டுகிற ஜனத்துக்குப் பதில் பேசாமல் இருந்து இருந்து, தனக்காகப் பேசவும் மறந்துவிட்ட மனிதர். நாலு நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் வீட்டிலேயே இருந்ததால் என்னால் ஒரு டப்பாவையும் நகர்த்த முடியவில்லை. பின்வரிசையில் இரண்டு கொத்தமல்லி தலை சாய்ந்துவிட்டன. ஐந்தாம் நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, முன்வரிசைப் புதினாவைப் பெயின்ட் டப்பாவோடு தூக்கிக்கொண்டேன்.

"அம்மா, நீ எங்கே கிளம்பிட்டே? சும்மா இரு, இன்னும் சிக்கலாக்காதே" என்றாள் மகள்.

"சிக்கலாக்கினது நான்தான். விடு."

மேனேஜர் சின்ன வயசுக்காரர். மேசையில் டப்பாவை வைத்தேன். மண் சிந்தியது.

"இது என்னம்மா?"

"உங்க கடையில திருட்டுப்போன புதினா. வேரோட கொண்டாந்திருக்கேன். வெட்டின இடம் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டாத் துளிர்த்திருக்கு. லாரியில வந்தது துளிர்க்குமா தம்பி?"

"சரிம்மா, ஆனா அந்த பேண்டு நம்ம கடையோடதுதானே?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி நீல பேண்டை மேசையில் கொட்டினேன். "தரையில பொறுக்கினது. போன வருஷம் இதை மிதிச்சு வழுக்கி விழுந்தது நீங்கதானாமே? அதுக்கப்புறம்தான் அவர் பொறுக்க ஆரம்பிச்சாரு."

கதவோரம் நின்ற பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் டப்பாவைத் திருப்பினார். அதில் மாப்பிள்ளை ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தார். எல்லா டப்பாவிலும் ஒட்டியிருப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்: நட்ட தேதி, அதன் கீழே, "பழையது. முதலில் எடுக்கவும்." கிடங்கில் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் அவர் இத்தனை வருடமாக எழுதுவதும் அதுவேதானாம். தேதி போன மாதத்துக்கு முந்தின மாதம். மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்கம்மா, மேலிடத்துக்கு அனுப்பணும்."

"எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

எழுதினார். திரும்பப் படிக்கச் சொன்னேன். "எனது மருமகன் நேர்மையானவர் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று படித்தார்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? பால் தேதி படிச்சுச் சொன்ன ஆளுன்னுதானே சொன்னேன்? அதை எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார். கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலையே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை ஜன்னலோரம் போனார். காலி இடத்தைப் பார்த்து, "முன்வரிசைச் செடியை எடுத்துட்டுப் போனது சரிதான் அத்தை. பழசைத்தான் முதல்ல எடுக்கணும்" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் காம்பு கேட்டுக் கண்ணாடித் தம்ளரோடு மேலே வந்தாள். "நான் நல்லதாத்தான் கேட்டேன். இப்படி ஆகும்னு..." என்று இழுத்தாள். மூக்கு கீழேதான் இருந்தது. இரண்டு காம்பு வெட்டிக் கொடுத்தேன். "தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்துங்க டீச்சர், எழுதி வெச்சுக்குங்க" என்றேன். அதுகூடச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா?

மறுநாள் காலை சீருடை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை படியிறங்கினார். அவர் பாக்கெட்டை நான் முன்னமே சோதித்துக் காலி செய்திருந்தேன். இனி எங்கள் வீட்டுக் கட்டுக்குத் தையல் நூல்தான். தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். தலை மறைந்ததும் பின்வரிசைக் கொத்தமல்லியை ஒவ்வொன்றாக வெயிலுக்கு இழுத்தேன்.