ரத்ரி செய்த பிடிமானி

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் மூட்டுவாத டாக்டர் சிதோருஸின் பக்கத்தில் நின்று ஒரு மாதமாகக் கவனித்துவந்த பொறியியல் மாணவி ரத்ரி, கைப்பிடியின் வலுவை அளக்கத் தானே செய்த கருவியை அன்றைய முதல் நோயாளியிடம் நீட்டினாள்.

செருப்பு ஆலையில் பத்தொன்பது வருடம் தைத்த சுமினாவுக்கு விரல்கள் கோணிப்போயிருந்தன. பிடியின் அளவு பதினைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் காப்பீட்டில் விலையுயர்ந்த ஊசிமருந்து கிடைக்கும். கருவி ஓடுகிற பரவசத்தில் ரத்ரிக்கு அது நினைவில்லை.

முதல் முறை பன்னிரண்டு.

"இன்னும் கொஞ்சம்மா! உங்களால முடியும்!"

ஆசைப்பட்டுக் கேட்கிற பெண்ணை ஏமாற்றச் சுமினாவுக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பதினாலு. மூன்றாவது முறை பதினேழு.

டாக்டர் பதினேழை எழுதினார். அப்போதுதான் ரத்ரிக்கு ஊசி நினைவுக்கு வந்தது.

"டாக்டர், எனக்காகத்தான் அப்படி அழுத்துனாங்க..."

"மூணுல பெரிசை எடுக்கணும்னு கருவிக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நீதானே? இவங்களுக்கு மாத்திரையே போதும். அடுத்த ஆளைக் கூப்பிடு."

வீங்கிய கையை மடியில் மறைத்துக்கொண்டு சுமினா எழுந்தார்.

"பாப்பா, உன் மெஷின் நல்லா வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுதும்மா" என்றாள் ரத்ரி.