எல்லைப் பேச்சும் இரண்டு கக்கூசும்

என் சின்னம்மா அமுதவள்ளிக்கு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. போடிமெட்டுக்குப் பக்கத்துச் சரிவில், இரட்டைப்பாறை லயத்தில் குடியிருக்கிறாள். கூலியாட்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிவிட்ட ஒரே வரிசை வீடுகள். கதவைத் திறந்தால் ஏலச்செடி, செடிக்குள் கால் வைத்தால் அட்டை. அந்தச் சரிவு தமிழ்நாட்டுக்கா கேரளாவுக்கா என்பதில் இரண்டு பக்கத்துக்கும் தகராறு. யாருடையது என்று முடிவாகாததால் லயத்துக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. கக்கூஸ்கூடக் கிடையாது.

அந்த லயத்திலிருந்து போடிக்கு இறங்கிப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் கக்கூஸ் கேட்டு மனு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. கீழே கொடுத்தால் "அது அவங்க சர்வே நம்பர்" என்றார்கள். மேலே கொடுத்தால் அதையே மலையாளத்தில் சொன்னார்கள். பொறுத்துப் பார்த்த சின்னம்மா, தானே கடப்பாரை எடுத்து வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டத் தொடங்கினாள். இடுப்பளவு ஆழம் போயிருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் லயத்துக்கு இரண்டு அரசும் ஒரே நாளில் வந்தது அன்றைக்குத்தான். குழியை மூட வைத்துவிட்டு, ஒரே கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மழையில் சின்னம்மாவின் மருமகள் தமிழ்செல்வி, வயிற்றில் பிள்ளையோடு, செடிக்குள் ஒதுங்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் தொடையில் தொங்கிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அன்றே பையைத் தூக்கிக்கொண்டு தேவாரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் ஒரே பேச்சு.

"அத்தே, அங்க கக்கூஸ் வந்தா நானும் வர்றேன். இல்லேன்னா பேரப்பிள்ளைய நீங்க இங்க வந்து பாத்துட்டுப் போங்க."

சின்னம்மா போனை வைத்தாள். "அவ சொல்றதுல என்னப்பா தப்பு?" என்று என்னிடம் கேட்டாள்.

இந்த நிலையில்தான் எல்லைப் பேச்சுவார்த்தை எங்கள் லயத்து முற்றத்திலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். பந்தல் வந்தது. மேசை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கே முற்பகல் போனது. அதற்கு முந்தின நாளே போடியிலிருந்து திருப்பதி என்பவர் மினி லாரியில் ஒரு பிளாஸ்டிக் கழிப்பறையை லோடு ஏற்றி வந்து இறக்கினார். நம் பக்கத்து அதிகாரிகளுக்கு. அதைப் பார்த்த கேரளப் பக்கம் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் அவர்களுடையதும் வந்து இறங்கிவிட்டது. இது நீலம், அது பச்சை. தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கு வழியில்லாத இடத்தில், மூன்று மணி நேரப் பேச்சுக்கு இரண்டு கக்கூஸ்.

இரண்டுக்கும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்ற ஆள் வேண்டுமே. சின்னம்மாவைக் கூலிக்குப் பிடித்தார்கள். அவர்கள் ஆட்களை இதற்குள் விடாதே என்று இவர்களும், இவர்கள் ஆட்களை அதற்குள் விடாதே என்று அவர்களும் தனித்தனியாக அவளிடம் சொல்லி வைத்தார்கள்.

நம் பக்கத்து அதிகாரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். "ஏம்மா, பினாயில் ஊத்துனியா இல்லையா? நாத்தம் கொடலப் புடுங்குது."

"உள்ள போயிட்டு வந்தது நீங்கதான சார்," என்றாள் சின்னம்மா, வாளியைக் கீழே வைக்காமலே.

பந்தலுக்குள் இரண்டு ஊர் பிரியாணி. பிறகு நினைவுப் பரிசு மாற்றிக்கொண்டார்கள். நம்மவர் கேரளத்து அதிகாரிக்கு ஒரு பெட்டி ஏலக்காய் கொடுத்தார். அவரும் நம்மவருக்கு ஒரு பெட்டி ஏலக்காய் கொடுத்தார். எட்டு எம்.எம். பச்சைக் காய், முதல் தரம். பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்தான் வேறு வேறு. காய் இதே சரிவில், இதே பெண்கள், ஒதுங்கிய செடிக்குப் பக்கத்துச் செடியில் குனிந்து எடுத்தது. அவர்கள் முகர்ந்து பார்த்து, "நல்ல மணம்" என்றார்கள்.

முடிவை மைக்கில் இரண்டு மொழியிலும் படித்தார்கள். பேச்சு சுமுகமாக நடந்தது. கூட்டு அளவை முடியும்வரை இன்றைய நிலையே தொடரும். அதுவரை யாரும் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. கை தட்டினார்கள்.

சின்னம்மா என் கையைப் பிடித்தாள். "அப்டின்னா குழி?"

"தோண்டக் கூடாதாம் சின்னம்மா."

"அளந்து முடிக்க எம்புட்டு நாளாகும்?"

அவள் பந்தலைப் பார்த்தாள். "டிவியில ரெண்டு நாட்டுக்காரங்க எல்லைக்குப் பேசுறாங்கன்னு கையக் குலுக்கிக் காட்டுறானே, அங்கயும் ஒரு பொம்பள வாளியோட நிப்பா போல."

ஜீப்புகள் கிளம்பத் தயாரானபோது, நீலக் கழிப்பறையை ஏற்றத் திருப்பதி கயிற்றோடு வந்தார். சின்னம்மா அதன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்கா. வெரசா ஏத்தணும், மழ வருது."

"ஏத்து, வேணாங்கல. பச்சைய ஏத்திட்டாகளா?"

"அது அவுக சோலி."

"அப்ப மொதல்ல எடுக்கறது யாருன்னு பெரியவுகள்ட்ட கேட்டுட்டு வா. எடுத்தா எடத்த விட்டுட்டுப் போனதா ஆயிரும்ல. அதுக்குத்தான அளவே."

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். ஆனால் ஜீப்பில் ஏறப்போன கேரளத்து அதிகாரியின் கால் நின்றுவிட்டது. நம் பக்கத்து அதிகாரியும் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்யம் அவர் எடுக்கட்டே," என்றார் அவர். முதலில் அவர்கள் எடுக்கட்டுமாம்.

"நாங்க எதுக்கு மொதல்ல எடுக்கணும்? இன்றைய நிலை தொடரும்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டோம்," என்றார் இவர்.

கொஞ்ச நேரத்துக்கு முன்பு கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள், பீ நிறைந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளுக்காக முறைத்துக்கொண்டு நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டதும் இரண்டையும் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். என் வாடகைக்கு யார் பொறுப்பு என்று திருப்பதி நனைந்துகொண்டே பின்னால் ஓடினார்.

லயத்துக்குக் கக்கூஸ் கிடைத்தது என்று இதை முடித்துவிடலாம். அப்படி முடியவில்லை. அவற்றுக்கு அடியில் இருந்தது சின்னத் தொட்டி. சீக்கிரமே நிரம்பி வழிந்தது. உறிஞ்சி எடுக்கும் லாரியை இந்தப் பக்கமும் அனுப்பவில்லை, அந்தப் பக்கமும் அனுப்பவில்லை. ஈ மொய்த்தது. சோற்றுத் தட்டில் வந்து உட்கார்ந்தது. பெண்கள் மறுபடியும் செடிக்குள் போனார்கள். தமிழ்செல்விக்குப் பெண் பிறந்திருந்தது. சின்னம்மா தேவாரம் போய்ப் பார்த்துவிட்டு, பஸ்சில் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

ஒருநாள், நிலைமையைப் பார்வையிட இரண்டு பக்கத்து ஜீப்பும் வந்தன. நாற்றம் தாங்காமல், கண்ணாடியைக்கூட இறக்காமல், இரண்டு பெட்டியும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகிற ஜீப்பையே சின்னம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு முனியாயியையும் லயத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தினாள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தொட்டிகளை அவர்களே அள்ளிச் சரிவில் புதைத்தார்கள். முனியாயி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பெட்டி நின்ற இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி, சிமெண்டு வளையம் இறக்கி, குழாய் பதித்து, பெட்டிகளைப் பழைய இடத்திலேயே மேலே வைத்தார்கள். நானும் மண் சுமந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நீலம் நீலமாகவே நின்றது, பச்சை பச்சையாகவே நின்றது. புதிதாக எதுவும் கட்டப்படவில்லை.

தமிழ்செல்வி குழந்தையோடு வந்துவிட்டாள். இப்போது நாற்றம் இல்லை. அதுதான் சின்னம்மாவுக்குக் கவலை. அதனால் ஏலச்செடிக்கு ஊற்ற வேப்பம்புண்ணாக்கையும் சாணியையும் ஊறப்போடுகிற டிரம்மைப் பாதையோரம் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நாலு நாள் ஊறினால் பக்கத்தில் நிற்க முடியாது.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. சின்னம்மா போய் டிரம்மின் மூடியைத் திறந்து, கம்பால் ஒரு கிண்டு கிண்டினாள். இரண்டு ஜீப்புகள் வந்தன. கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. ஒருவர் உள்ளிருந்தபடியே போனில் படம் எடுத்தார். ஜீப்புகள் திரும்பின.

"தமிழு, போயிட்டாக. மூடி வையி. பிள்ள மொகஞ்சுளிக்குது பாரு," என்றாள் சின்னம்மா.