மில் கேட்டில் மொத்தப் பேருந்தும் எழுந்த மதியம்

கார்த்திகை மழை விட்ட வாரம், கன்னிவாடிப் பக்கத்து மலையடிவாரக் கண்மாய் நிரம்பிக் கிடப்பதாக நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். அதற்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றேன். செம்பட்டிக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். மலை தண்ணீரில் தலைகீழாக நிற்க, அதன்மேல் கூழைக்கடாப் பறவைகள் மிதந்ததைப் பார்த்துத் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு அழகு!

ஆனால் இந்தப் பதிவு கண்மாயைப் பற்றியது அல்ல, திரும்பி வந்த டவுன் பஸ்ஸைப் பற்றியது.

ஒன்றேகால் வண்டியில் ஆளே இருக்காது, படுத்துக்கொண்டே செம்பட்டி போகலாம் என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். கண்மாயை ஒட்டிய ஊரின் நிறுத்தத்துக்கு வந்தால் திருவிழாக் கூட்டம். எண்ணெய் வைத்துத் தலைசீவிய பெண்கள், வெள்ளை வேட்டி ஆண்கள், இடுப்பில் பிள்ளைகள். யார் கையிலும் பை இல்லை. வண்டி வந்ததும் அம்புட்டுப் பேரும் ஏறினார்கள். இடித்துப் பிடித்து நானும் ஏறிப் பத்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கினேன். எனக்கோ நெரிசல் பேருந்து என்றால் கொண்டாட்டம்.

பக்கத்தில் இருந்த பஞ்சவர்ணம் அக்காவிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். நூல் மில்லில் பதினாலு வருடம் வேலை பார்த்தவர். போகிற வழியில் இருக்கும் அந்த மில்லை ஒன்றரை வருடத்துக்கு முன் மூடிவிட்டார்கள். ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலையில் இருந்திருக்கிறார்கள். மூடியதும் கேட் எதிரே இருந்த டீக்கடை போனது, தையல்கடை போனது, பாதி ஆண்கள் திருப்பூருக்குப் போனார்கள். இப்போது இந்த பஸ்ஸின் முறை. கூட்டம் இல்லாததால் நிறுத்தப் போகிறார்களாம், இன்று ஒரு அதிகாரி வந்து தலை எண்ணப் போகிறாராம். அதனால் ஊரையே பழைய மில் கணக்கில் ஷிப்ட் ஷிப்டாகப் பிரித்து, டிரிப்புக்கு ஒரு ஷிப்டை ஏற்றுகிறார்கள். இது பி ஷிப்ட். ஜோலி எதுவும் கிடையாது, செம்பட்டி வரை போய்த் திரும்புவது மட்டும்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானும் பி ஷிப்ட் என்றேன்.

அக்கா சிரித்தார், ஆனால் முழுசாக அல்ல. செம்பட்டியில் ஒரு தேங்காய் மண்டியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். "இந்த வண்டியும் போச்சுன்னா எனக்கு ரெண்டாவது தடவ வேல போன மாதிரி தம்பி" என்றார்.

அடுத்த நிமிடம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மில் கேட் அருகே வேகத்தடைக்காக வண்டி மெதுவானது. பேசிக்கொண்டே மொத்தக் கூட்டமும் எழுந்தது. நிறுத்தம் என்று நினைத்து ஓட்டுநரும் நிறுத்தினார். பாதிப் பேர் இறங்கி, பூட்டிய கேட்டைப் பார்த்த பிறகுதான் திகைத்து நின்றார்கள். கேட்டுக்குள் கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

வேப்ப மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அந்த அதிகாரி காத்திருந்தது அங்கேதான். எல்லார் கையிலும் செம்பட்டிச் சீட்டு. இங்கே எதற்கு இறங்கினீர்கள் என்று கேட்டார். கண்டக்டர் ரஹ்மத் பாய் தன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தது, பஸ் போனது என்றே நினைத்தேன்.

பஞ்சவர்ணம் அக்காதான் பேசினார். "பழக்கம் சார். எங்களுக்கு முந்தி எங்க காலு எறங்கிருச்சு."

அதிகாரி பூட்டிய கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அக்கா விடவில்லை. "எங்க காலு மட்டுமில்ல சார், ஒங்க வண்டியும் இன்னும் மில்லுக்குத்தான் வருது. காலைல அஞ்சேகாலுக்கு ஒண்ணு, மதியம் ஒண்ணேகாலுக்கு ஒண்ணு. எல்லாம் ஷிப்ட் நேரம். மண்டி தொறக்குறது எட்டு மணிக்கு. நான் விடிய முன்ன போயி பஸ் ஸ்டாண்டுல குத்த வச்சு ஒக்காந்திருக்கேன். காலேசுப் பிள்ளைக ஆட்டோவுல போகுதுக. பெறகு வண்டியில யாரு ஏறுவா?"

ரஹ்மத் பாய் தலையை நிமிர்த்தி, "நெசந்தான் சார்" என்றார். இத்தனை நாள் ஏன் யாரும் நேரத்தை மாற்றக் கேட்கவில்லை என்று அதிகாரி கேட்டார். "இப்பத்தான் சார் எனக்கே தோணுச்சு" என்றார் அக்கா. முதலில் சிரித்தவர் அதிகாரிதான். பிறகு பஸ் மொத்தமும் சிரித்தது. இன்றைய எண்ணிக்கை செல்லாது, காலை ஏழேகாலுக்கு விட்டு மூன்று மாதம் பார்ப்போம் என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

நேரம் மாறிவிட்டது. போன வாரம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. கண்மாய்க்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள், மழைக்கு அடுத்த இரண்டு வாரம்தான் நல்ல காலம். காரில் போக வேண்டாம். செம்பட்டியில் கேட்டு அந்த டவுன் பஸ்ஸில் ஏறுங்கள், சீட்டை மறக்காமல் வாங்குங்கள். சன்னலோர இருக்கை அநேகமாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சந்தோஷமாக நின்றுகொண்டே போங்கள்.