நேசம்மாவின் கொப்பிகள்

நேசம்மா இறந்த செய்தி எனக்கு எட்டு நாள் பிந்தித்தான் வந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டுவரும் பெண் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "உங்கட கூட்டாளி மோசம் போயிற்றாகா. காய்ச்சல். துறையில தோணி விடல்ல" என்றாள். அவள் ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். சோதனைச் சாவடியில் அன்று ஒருவரையும் கடக்க விடவில்லையாம்.

போன கிழமை நம் எழுத்தாளர் வட்டம் கூடி அஞ்சலி செலுத்தியது. பேசிய நீங்கள் எல்லோரும் அவளை "நல்ல வாசகி" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஒரு நாவல் எழுதியவள். அது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

வெல்லாவெளிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் அவளுக்கு வேலை. கையில் எப்போதும் அட்டை கிழிந்த ஒரு பழைய நாவல், பெண் ஒருத்தி எழுதியதாக இருக்கும். "அடுப்படிக் கதைகள இன்னும் விடல்லையா தங்கச்சி?" என்று உங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறதா? "அண்ணன் எப்ப அடுப்படிக்குள்ள வந்து பாத்தீங்க, அது கதையா இல்லையா எண்டு சொல்ல?" என்று திருப்பிக் கேட்டாள். சபை சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

பிடித்த நாவலை அவள் வாசிப்பதோடு விடமாட்டாள். சங்கக்கடைக் கொப்பியில் அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்தெழுதுவாள். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டேன். "கையால எழுதிப் பாத்தாத்தான் அந்த மனிசி எங்க துணிஞ்சா, எங்க பயந்து நிப்பாட்டினா எண்டு விளங்கும்" என்றாள். அப்படிப் பழகிப் பழகித்தான் தன் நாவலை எழுதினாள்.

அவள் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, இரண்டு கொப்பிகளை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். "ஒண்டு பாத்தெழுதினது. மற்றது என்ர நாவல். வாசிச்சுப்போட்டுச் சொல்லுகா." பயத்தில் இரண்டிலும் பெயரோ தலைப்போ எழுதவில்லை. மூன்று மாதம் என் பெட்டிக்குள் கிடந்தன. ஏன் வாசிக்கவில்லை என்பதற்கு ஆயிரம் சாட்டுச் சொல்லலாம். உண்மை, எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பிறகு சுற்றிவளைப்பு எங்கள் ஊருக்கே வந்தது. வீட்டில் கையெழுத்துத் தாள் இருந்தாலே பிடித்துக்கொண்டு போன காலம். அரிசிப் பானைக்குள் ஒரு கொப்பியைத்தான் புதைக்க முடிந்தது. அவளுடைய நாவலைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டையும் அவசரமாகத் திறந்தேன். ஒன்றில், விருந்தாளிகளுக்காக மாவிடிக்கும் ஒருத்தி மாமியாரின் ஏச்சை விழுங்கிக்கொண்டிருந்தாள். பழைய நாவல் என்று முடிவுகட்டினேன். மற்றதில், புருஷனைப் பொலிஸ் பிடித்துப்போக, சோற்றுப் பார்சலோடு சிறை வாசலில் ஒருத்தி காத்து நின்றாள். இது நம் கதை என்று அதை அரிசிக்குள் புதைத்தேன். மாவிடித்தவள் அடுப்புக்குள் போனாள்.

பாதை திறந்ததும் பெருமையோடு அதை வாவி தாண்டிக் கொண்டுபோனேன். நேசம்மா ஒரு தாளைப் புரட்டினாள். "இது பாத்தெழுதினதுகா" என்றாள். அதில் வந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பொலிஸ், நாங்கள் இருவரும் பிறக்கும் முன் எழுதிய நாவல். மற்றதை அடுப்பில் எரித்துவிட்டதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. "மூணு மாசம் உன்னட்டக் கிடந்திச்சே. ஒரு பக்கமாவது வாசிக்கல்லையா?" என்று மட்டும் கேட்டாள். திரும்ப எழுது என்று கெஞ்சினேன். "எழுதினா ஆரு வாசிக்கிற?" என்று கொப்பியை என் கையிலேயே தந்துவிட்டாள்.

உங்களைத் திட்டத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அடுப்படியைக் கண்டதும் கொப்பியை மூடியவள் நான்தான். இப்போது எந்தப் பெண்பிள்ளை எழுதிக்கொண்டு வந்தாலும், கைவேலையைப் போட்டுவிட்டு அவள் முன்னாலேயே இருந்து வாசிக்கிறேன். நேசம்மாவால் எனக்கு வந்த பழக்கம் இது. அவளுடைய நாவலில் நான் வாசித்தது ஒரே ஒரு பக்கம். அவளைத் தவிர உலகத்தில் அதை வாசித்தவள் நான் ஒருத்திதான்.