அடுப்பு சுடாத தழும்பு

பேக்கரி அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கையில் தழும்பு இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளையும் கேட்கவில்லை.

எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. "அடுத்தது நல்லபடியா பொறக்கும், மறந்துடு" என்றார்கள் வீட்டில். கணவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் அழவில்லை, மாவு பிசைந்தாள், கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். "இவ பேச்சுக்கு ஈஸ்டே வேணாம், மாவு தானா பொங்கிடும்" என்பார் முதலாளி. உள்ளே மட்டும் ஏதோ நெஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தது. தாங்க முடியாதபோது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். சற்று நேரம் மூச்சு விட முடிந்தது. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கண்டுபிடித்தது கணவனின் அக்கா. அதே பேக்கரியில் பக்கத்து மேசையில் கேக் செய்பவள். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். உடை மாற்றும் அறையில் இவள் தோளில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டாள்.

"தோள்ல எப்படிடி காயம்?"

"தெரியாம பட்டுடுச்சுக்கா."

"பொய் சொல்லாத. உனக்கென்ன பைத்தியமா? என் தம்பி தலையில கல்லைப் போடப் பாக்குறியா?"

அந்தக் கத்தல் அவளை இன்னும் ஒடுக்கியது. அந்த வாரம் முழுக்க மோசமாகவே போனது. பிறகு நாத்தனாரே வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் அவளருகே உட்கார்ந்தாள்.

"பயத்துல கத்திட்டேன். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா சொல்லு, கேக்குறேன். சாகணும்னு தோணுதாடி?"

"அப்படி இல்லக்கா. உள்ள இருக்குறது தாங்கல. பொண்ணு அது. முகத்தைக்கூட எனக்குக் காட்டல."

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பார்த்த மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்து, "குடும்பப் பொண்ணு இப்படிப் பண்ணலாமா?" என்றார். "இவரு கெடக்குறாரு, வா" என்று நாத்தனார் அவளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த ஆலோசகர் காயத்தைப் பற்றிக் கேட்குமுன் குழந்தையைப் பற்றிக் கேட்டார். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இடையில் மறுபடியும் காயப்படுத்திக்கொண்டாள். சொன்னபோது ஆலோசகர் திட்டவில்லை. அந்த எண்ணம் வரும்போது தனியாக இருக்காமல் யாரையாவது கூப்பிடப் பழக்கினார். கணவனையும் வரவழைத்தார். "நான் பேசினா இவ உடைஞ்சிடுவான்னு நெனச்சேன்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. அவளுக்கு அவன் மீதுள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

நெஞ்சு அடைக்கும் நாட்கள் இப்போதும் வருகின்றன. அப்போது பக்கத்து மேசைக்குப் போய், "அக்கா, இன்னைக்கு முடியல" என்கிறாள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு, செய்துகொண்டிருந்த கேக்கை அப்படியே விட்டுவிட்டு, அவளோடு வெளியே வந்து நிற்கிறாள்.